வலப்பக்க விளிம்பு

அறுத்து இரண்டு நாள்கூட ஆகாத பலகை, ஒரே ஓர் இடத்தில் மட்டும் பழையதாக இருந்தது.

பல் டாக்டர் முதலில் அதைத் தன் கைவரிசை என்றுதான் நினைத்தார். அவருடைய தச்சுவேலையின் லட்சணம் அப்படி. வீட்டில் ரம்பச் சத்தம் கேட்ட அன்றே, பிடுங்கப் பல் கிடைக்காமல் மனிதர் மரத்தில் இறங்கிவிட்டார் என்று தெரு சிரித்தது. காரணமும் தெருவுக்குத் தெரியும். மனைவி பிரிந்துபோய் ஒன்றரை வருடம். ஒன்பது வயது மகள் சனிக்கிழமை மட்டும் வருவாள். வந்த நிமிடத்திலிருந்து வாசலையே பார்ப்பாள். போன வாரம் வாய்விட்டே சொல்லிவிட்டாள்: "இங்க போரடிக்குதுப்பா. அடுத்த வாரம்தான் கடைசி."

அதற்குத்தான் இந்தப் பாடு. மேசைமேல் வைத்து, இருவர் அருகருகே உட்கார்ந்து ஆடும் வீடியோ கேம் பெட்டி. இடப்பக்கம் அப்பா, வலப்பக்கம் மகள்.

அந்த வலப்பக்கத்தில், ஆடுகிறவர் மணிக்கட்டை ஊன்றும் முன்விளிம்பில், ஒரு பள்ளம். மற்ற இடமெல்லாம் சிலும்பு நீட்டிக்கொண்டிருக்க, அங்கே மட்டும் பிளைவுட்டின் அடுக்குகள் தேன்நிறத்தில் வழவழத்தன. தொட்டுப் பார்த்தார். யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலியின் சூடு.

பிளைவுட் கடைக்காரர் டாக்டர் முன்னால் வாயைத் திறந்து சிரிக்கமாட்டார். பல்லை எண்ணிவிடுவாரோ என்ற பயம்.

"பிளைவுட்டுன்னா ஓரம் அசிங்கமாத்தான் இருக்கும் டாக்டர். எட்ஜ் பேண்ட் ஒட்டிருங்க, மூடிரும்."

"தேஞ்சிருக்குங்க."

"புதுப் பலகை எப்படித் தேயும்? அதென்ன உங்க பேஷண்ட் பல்லா?"

"பிளைவுட்டுக்குப் பதிலா அந்த மரத்தூள் பலகை, எம்.டி.எஃப் போட்டா?"

"ஓரம் நைஸா வரும். ஆனா பெயிண்ட்டக் குடிச்சுக்கிட்டே இருக்கும், தண்ணி பட்டா ஊதிரும். பேசாம முன்னாடி தேக்குல ஒரு சட்டம் அடிச்சு, முனைய உருட்டி விடுங்க. யானை ஏறினாலும் அசையாது."

டாக்டர் எதையும் விடவில்லை. திங்களன்று விளிம்பில் கறுப்பு எட்ஜ் பேண்ட் நாடா ஒட்டினார்; செவ்வாயன்று அது அதே இடத்தில் வெங்காயத் தோலாக மெலிந்து, மரம் தெரிந்தது. பலகையையே மாற்றி எம்.டி.எஃப் போட்டு, விளிம்புக்கு மூன்று கை பிரைமர் கொடுத்தார். மறுநாள் மதியம் மூன்று பூச்சையும் தாண்டிப் பள்ளம் இறங்கியிருந்தது. வியாழனன்று தேக்குச் சட்டம் அடித்து, முனையை உருட்டி, பல்செட்டுக்கு மெருகேற்றும் சக்கரத்தாலேயே பளபளப்பாக்கி, எண்ணெய் தேய்த்துவிட்டுப் படுத்தார். வெள்ளியன்று கிளினிக்கிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது அறையில் எண்ணெய் வாசம் இல்லை. வியர்த்த கையில் வெகுநேரம் பிடித்திருந்த சாவியின் வாடைதான் அடித்தது. தேக்கிலும் அதே இடத்தில் பள்ளம், முன்னிலும் ஆழமாக, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்ததுபோல.

இருபது வருடமாக அவர் பார்த்துப் பிழைத்தது தேய்மானத்தைத்தான். ஒரு கடைவாய்ப் பல்லைப் பார்த்தால் ஆளின் வயதைச் சொல்லிவிடுவார். இது ரம்பத்தின் வேலை இல்லை, உப்புத்தாளின் வேலையும் இல்லை. தினமும் ஒரே கை, ஒரே இடத்தில், அறுபது எழுபது வருடம்.

வேறு யாராக இருந்தாலும் பெட்டியைத் தூக்கி வீசியிருப்பார்கள். தொழில் புத்தி யாரை விட்டது? சனிக்கிழமை மதியம், பல் அச்சு எடுக்கும் இளஞ்சிவப்பு மாவைக் குழைத்து, அந்தப் பள்ளத்தில் அப்பினார். மூன்று நிமிடம். உரித்தெடுத்தார்.

ஒரு பெண்ணின் உள்ளங்கை விளிம்பு. ரேகைகூடத் தெரிந்தது. சுண்டுவிரலுக்குக் கீழே பிறைபோல ஒரு தழும்பு.

நாலு வயதில் கண்ணாடித் தம்ளர் உடைந்து மகளுக்குப் போட்ட தையல். மடியில் பிடித்துக்கொண்டவர் அவர்தான். ஐந்து தையல். எண்ணினார். ஐந்து. ஆனால் தழும்பு இரண்டு மடங்கு நீளம். வளர்ந்த தோலில் இழுபட்டு, சுற்றிலும் சுருக்கம் சுருக்கமாக.

வாசலில் கார்.

செருப்பில்லாமல் ஓடினார். "இன்னைக்கு வேணாம். கூட்டிட்டுப் போயிரு."

"கடைசி வாரம்னு அவளே சொல்லிருக்கா. அதையும் வேணாங்கிறீங்களா?" மனைவி இன்ஜினை அணைக்கவேயில்லை. "அஞ்சு மணிக்கு வரேன்."

அவர் திரும்பியபோது மகள் உள்ளே இருந்தாள். வலப்பக்கத்தில்.

"அப்பா, செம்மையா இருக்குப்பா."

எழுந்திரு என்ற சொல் நுனிநாக்கு வரை வந்தது. ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை வருடத்தில் முதல்முறையாக, அம்மா எப்போது வருவாள் என்று கேட்கவில்லை.

ஐந்து நிமிடம். ஐந்தே நிமிடம். இடப்பக்கம் உட்கார்ந்தார்.

டக். டக். பொத்தான் சத்தம். வயர் இன்னும் கொடுக்கவில்லை. திரையும் மாட்டவில்லை, அந்த இடத்தில் ஒரு சதுர ஓட்டை, ஓட்டைக்குள் இருட்டு. அவள் கண் அதற்குள் எதையோ துரத்தியது. பெரிய பள்ளத்தில் சிவப்பு ரப்பர் வளையம் போட்ட சின்னக் கை, அப்பாவின் செருப்பைப் போட்ட கால்போல.

மூன்று மணி.

"போதும்மா. எழுந்திரு."

"இருப்பா. செத்துருவேன்."

திரும்பவில்லை. கண் சிமிட்டவும் இல்லை. தோளைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. நாற்காலியோடு இழுத்தார். நாற்காலி மட்டும் வந்தது. அவள் உட்கார்ந்தபடியே இருந்தாள்.

நாலு மணி. டக். டக். கைக்கும் பள்ளத்துக்கும் நடுவே இடைவெளி குறைந்திருந்தது.

ஐந்து மணி. வாசலில் ஹாரன்.

இன்னொரு ஹாரன்.

"கண்ணு, அம்மா வந்துட்டா."

"எந்த அம்மாப்பா?"

குரல் கம்மியிருந்தது. அவர் குனிந்து பார்த்தார். பூப்போட்ட சட்டைக் கை. குச்சிபோன்ற முழங்கை. மணிக்கட்டில் சதைக்குள் புதைந்துவிட்ட சிவப்பு ரப்பர் வளையம். அதற்குக் கீழே, பள்ளத்தை இம்மி இடைவெளியில்லாமல் நிறைத்தபடி, நரம்பு புடைத்து, தோல் தொங்கி, ஒரு கிழவியின் கை நிதானமாகப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது.