மஞ்சியாற்றின் நோவுமணி

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சென்னியப்பன் வாய்விட்டுச் சிரித்ததைத்தான் துளசிமணியால் தாங்க முடியவில்லை.

அவர் காதுக்குப் பின்னால் கடுகளவில் நீலமாக மின்னியது நோவுமணி. மஞ்சியாற்று மீன்களின் செவுள்களில் நுண்ணுணரிகள் ஒட்டியிருந்தன. செவுள் எரிந்தால் மணி அணிந்தவரின் நெஞ்சு எரியும். மீன் திணறினால் அவரும் திணறுவார். முன்பெல்லாம் சாயக்கழிவுக்கு அளவு வைக்க, முரட்டுக் கெளுத்தியைப் பிடித்துக் கழிவு கலந்த தொட்டியில் நாலு நாள் போடுவார்கள். சாகாவிட்டால் சரி. கெண்டைக் குஞ்சு என்ன ஆனது என்று யாரும் கேட்டதில்லை. இப்போது அப்படி எண் வைத்த அளவே கிடையாது. ஆற்றில் கடைசியாக நஞ்சு கலந்தவர் எவரோ அவர் காதில் மணி. அவர் உடம்பு தாங்குவதுதான் அளவு.

இந்தச் சட்டத்துக்காக வருடக்கணக்கில் கோர்ட்டு வாசலில் நின்றவள் துளசிமணி. அவள் புருஷன் மாரப்பன் வலை இழுக்கப் போன ஒரு காலையில், சென்னியப்பனின் சாயப்பட்டறை மதகைத் திறந்துவிட்டது. ஆற்றிலிருந்து கிளம்பிய புகையில் மூச்சடைத்துச் செத்தான். “அளவு மீறலைங்க” என்றார் வக்கீல். நீதிபதியும் தலையாட்டினார்.

சென்னியப்பன் துடிக்க வேண்டும். அதைப் பார்க்கத்தான் அவள் உயிரோடு இருந்தாள்.

மணி மாட்டிய அன்று அவர் துடித்தார்தான். ஆனால் உடனே மதகை அடைத்துவிட்டார். கழிவெல்லாம் பட்டறைத் தொட்டியிலேயே தேங்கியது, ஆறு தெளிந்தது. அப்புறம்தான் யாரும் எதிர்பாராதது நடந்தது. மீன் கொழுத்தால் அந்தச் சுகத்தையும் மணி அனுப்பியது! புதுவெள்ளத்தில் கெண்டைகள் எதிர்நீச்சல் போட்டபோது கிழவர் தெருவெல்லாம் துள்ளி நடந்தார்.

“வா துளசி! உன்ற புண்ணியத்துல சக்கரையும் இல்ல, பிரஷரும் இல்ல. டீ குடிக்கறியா?”

“நீங்களே குடிங்க. நெஞ்சு நல்லாத்தான இருக்குது?”

“கல்லாட்டம்!”

“இருக்கட்டுங்க.”

அக்கரையில், பட்டறைக்குப் பின்னால் புதருக்குள் பழைய அமிலக் கேன்கள் கிடந்தன. ஒன்றை இழுத்துக்கொண்டு போய், மதகை ஒட்டிய பாறையில் நின்று கவிழ்த்தாள். தண்ணீர் நுரைத்தது. குஞ்சுகள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. அவள் அவற்றைப் பார்க்கவில்லை; எதிர்க்கரை டீக்கடையையே பார்த்தாள். சென்னியப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சிலிருந்து சரிந்து புழுதியில் உருண்டார்.

“இன்னும்” என்று முணுமுணுத்தபடி இன்னொரு கேனையும் கவிழ்த்தாள்.

ஆற்று ஆய்வாளர் ரெஹானா மூச்சிரைக்க ஓடிவந்தாள். வழியில் கிழவரின் காதிலிருந்து கழற்றிய மணி அவள் கையில் இருந்தது.

“என்னக்கா பண்ணிட்டீங்க! இந்த ஆத்துக்காகத்தான சட்டம் கேட்டீங்க?”

“ஆத்துக்காகன்னு யாரு சொன்னது, கண்ணு?”

ரெஹானா மணியை அவள் காதுக்குப் பின்னால் வைத்து அழுத்தினாள். “ஆத்துக்கு ஒரே மணிதான்க்கா. கடைசியா கலந்தது நீங்க.”

மணி சுருக்கென்று தைத்தது. செத்துக்கொண்டிருந்த அத்தனை மீனும் துளசிமணியின் நெஞ்சுக்குள் புகுந்தன. மாரப்பன் எப்படிச் செத்தான் என்று முதல்முறையாக அவள் உடம்புக்குத் தெரிந்தது. பாறையில் மடங்கி விழுந்தாள்.

கண்ணைத் திறந்தபோது சென்னியப்பன் பாலத்தைக் கடந்து வந்திருந்தார். உடம்பெல்லாம் புழுதி. மதகின் சக்கரத்தில் இரண்டு கையையும் வைத்திருந்தார்.

“ஐயா, வேண்டாம்! திறந்தா மணி மறுபடி உங்க காதுக்கே வந்துரும்!” என்று கத்தினாள் ரெஹானா.

“வரட்டும் அம்மிணி. நீ கழட்டி மாட்டற வரைக்கும் அவ துடிப்பாளல்ல? அது போதும்.”

துளசிமணி கையூன்றி ஊர்ந்தாள். புதரிலிருந்து இன்னொரு கேனை இழுத்து மடியோடு அணைத்து, மூடியைத் திருகித் தளர்த்திவைத்தாள்.

“தொறங்க,” என்றாள், மூச்சு வாங்க. “மணி உங்க காதுல ஏறட்டும். நான் தயாராத்தான் இருக்கறேன்.”

சக்கரம் கிறீச்சிட்டது.