கீழிருந்து வரும் வெயில்

காலை ஒன்பது மணிக்குப் பெர்பெத்தம்மாளின் வாசல் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. இனி மாலை நான்கு வரை அவளுக்கு அது திறக்காது. மணிக்கட்டில் கட்டியிருந்த தோல்மானி இரண்டு முறை அதிர்ந்து, அவளுக்கு அறுபத்திரண்டு வயது என்பதை அவளுக்கே நினைவூட்டியது. அவள் வழக்கம்போல அதை முறைத்துவிட்டு மீன் கழுவப் போனாள்.

நிழல் சட்டம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. வானத்தின் மேல்போர்வை மெலிந்துபோய், தோல் புற்று என்பது தெருவுக்கு நாலு பேருக்கு வரும் நோயாகிவிட்ட காலம் அது. வயது ஏற ஏறத் தோல் மெலிகிறது, வெயில் கெடுத்த உயிரணுக்களைச் சரிசெய்யும் வேகமும் குறைகிறது. ஆகவே அறுபது தாண்டியவர்கள் பகலில் வெளியே வரக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். மீறி வந்தால் நிழல்பறவை வரும். பறவை என்று பேர்தான். இருபதடிக்கு இருபதடி துணியை விரித்துக்கொண்டு பறக்கும் ட்ரோன் அது. முதியவர் ஏதாவது ஒரு கூரைக்குள் போகும்வரை அவர் தலைக்கு மேலேயே நிற்கும். அதை யாராவது தடுத்தால் ஜெயில்.

நல்ல சட்டம்தான். எழுதியவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. அவர்கள் உப்பளத்தைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

பெர்பெத்தம்மாள் தூத்துக்குடிக்கு வடக்கே ஓர் அளத்தில் நாற்பது வருடம் உப்பு வாரியவள். சட்டம் வந்த அன்று அவளையும் அவள் தெருவைச் சேர்ந்த பத்துப் பெண்களையும் கம்பெனி வீட்டுக்கு அனுப்பியது. அவர்கள் இடத்தில் இளையவர்கள் இறங்கினார்கள். அவள் மகள் டெல்பினாவும் அதில் ஒருத்தி. முன்பெல்லாம் இருட்டோடு இறங்கிப் பதினொரு மணிக்குக் கரையேறுவார்கள். இப்போது உப்பை அள்ளிக் குவிக்கும் எந்திரம் சூரிய மின்சாரத்தில் ஓடுகிறது. உச்சிப்பொழுதில்தான் அதற்கு முழு வேகம். எந்திரத்துக்கு வாய்த்த வேளையில் மனிதர்கள் இறங்கவேண்டியதாயிற்று. இளந்தோல் தாங்கும் என்று கம்பெனி சொல்லிவிட்டு ஆளுக்கொரு தொப்பியும் கொடுத்தது. தொப்பியின் உச்சியில் ஒரு வெயில்மானி இருந்தது. மேலிருந்து விழும் வெயில் தொப்பி தாங்கும் அளவுக்குள் இருந்தால் பச்சை; அது எப்போதும் பச்சையாகவே எரிந்தது.

போன மாதம் பெர்பெத்தம்மாளின் தாடைக்கு அடியில் ஒரு புண் ஆறாமல் இழுத்துக்கொண்டே போனது. மாலை கதவு திறந்ததும் டாக்டர் நஸ்ரினிடம் போனாள். சதையைக் கிள்ளிச் சோதித்துப் பார்த்துவிட்டு, புற்றுதான், ஆனால் ஆரம்பம்தான், வெட்டி எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். பெர்பெத்தம்மாளுக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் முதலில் வந்தது. இரண்டு வருடமாக வெயிலையே பார்க்காதவளுக்கு வெயில் நோய் எப்படி வந்தது என்று கேட்டாள்.

"இது இந்த ரெண்டு வருஷத்து வெயில் இல்லம்மா. நீங்க இருபது முப்பது வயசுல வாங்குனது. அப்போ தோல் முடிஞ்சமட்டும் சரி பண்ணிக்கிச்சு. முடியாதத உள்ளயே வெச்சிக்கிச்சு. இப்போ வயசாயிட்டதால அதால சமாளிக்க முடியல."

"நாங்க தலைக்கு முண்டு கட்டித்தானே எறங்குவோம்? தாடைக்கு அடியில எப்படி வெயில் படும்?"

டாக்டர் திருப்பிக் கேட்டார். "நீங்க நின்ன எடத்துல கீழ என்ன இருந்துச்சு?"

உப்பு இருந்தது. கண் கூசும் வெள்ளை உப்பு, பாத்தி பாத்தியாக. தலைக்கு மேலே இருப்பதுதான் வெயில் என்று நம்பித் தலையை மட்டும் மூடிக்கொண்டு, கீழிருந்து எகிறி வந்ததை நாற்பது வருடம் முகத்தில் வாங்கியிருக்கிறார்கள். பெர்பெத்தம்மாளுக்குத் தன் முட்டாள்தனத்தின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

தையல் போட்டுக்கொண்டு வந்தவள், மகளிடம் ஏதோ கட்டி என்று சொல்லிவைத்தாள். அன்று இரவே டெல்பினாவின் முகவாயைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் சிவந்து தோல் உரிந்திருந்தது. மூக்குக்குக் கீழேயும் அப்படித்தான். துணி கட்டிக்கொள்ளச் சொன்னால், முகத்தைப் பார்த்து வருகை பதியும் கேமரா ஏற்காதாம், அன்றைக்கு வேலைக்கே வராத மாதிரி ஆகிவிடுமாம். மானி பச்சைதானே காட்டுகிறது என்றாள் மகள். மானி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றாள் தாய்.

அளத்தில் இறங்கும் பிள்ளைகளுக்கு நிழல் கேட்டுக் கம்பெனிக்கு இரண்டு மனு போட்டாள். இரண்டாவதற்குப் பதில் வந்தது. சட்டப்படி நிழல் தரவேண்டியது அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு மட்டுமே என்று ஒரே வரி. பெர்பெத்தம்மாள் அதை மூன்று தடவை படித்தாள். மூன்றாவது தடவை அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் கதவு பூட்டுவதற்குப் பத்து நிமிடம் முன்பே கிளம்பினாள். அளத்தின் பழைய ஓலைக் கொட்டகையில் உட்கார்ந்து காத்திருந்தாள். முகத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள். பதினொரு மணிக்கு வேலையாட்கள் முப்பது பேரும் பாத்தியில் இறங்கியதும் எழுந்து வெயிலில் நடந்தாள். தோல்மானி ஊரைக் கூட்டுவதுபோல் அலறியது. நாலு நிமிடத்தில் நிழல்பறவை வந்து தலைக்கு மேல் துணியை விரித்தது. அவள்மேலும், பக்கத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஐந்து பேர்மேலும் நிழல் விழுந்தது.

டெல்பினா அந்த ஐவரில் இல்லை. நிழலுக்குப் பத்தடி தள்ளி வெயிலில் நின்றவள் வெட்கத்தில் குன்றிப்போனாள். "எம்மா, மானத்த வாங்காத. வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்க. வீட்டுக்குப் போ."

பெர்பெத்தம்மாள் அசையவில்லை. குளிரறையிலிருந்து மேலாளர் கனகசபாபதி ஓடிவந்தார். ஆட்களை அடுத்த பாத்திக்குப் போகச் சொன்னார். பெர்பெத்தம்மாளும் அடுத்த பாத்திக்குப் போனாள், பறவையும் போனது. அதற்கும் அடுத்த பாத்திக்கு அனுப்பினார். அங்கேயும் அதே கதைதான். கையைப் பிடித்து இழுக்கலாம் என்றால், முதியவரைப் பலவந்தமாகத் தொடக் கூடாது என்று அதே சட்டத்தில் எழுதியிருந்தது. மனுஷன் வேர்த்து விறுவிறுத்துப் போனார்.

"பாட்டி, நெழல் விழுந்தா உப்பு வெளையாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"ஒனக்கு முந்தியே தெரியும் தம்பி. உப்புக்கு வெயிலு வேணும். பிள்ளையளுக்கு வேண்டாம். இருட்டோட எறக்கிவிட்டு வெயிலுக்கு முந்தி ஏத்திவிடு, மூஞ்சியில துணி கட்டவிடு. நான் பாட்டுக்கு வீட்டுல கெடக்கேன்."

"உச்சிவெயில் இல்லாம எந்திரம் ஓடாது."

"அப்ப அது மட்டும் உச்சியில நிக்கட்டும். அதுக்குத்தான் தோலு இல்லையே."

யாரோ சிரித்தார்கள். டெல்பினா சிரிக்கவில்லை. பெர்பெத்தம்மாள் மகளைப் பார்த்தாள். பிறகு நிழலில் நின்றபடியே முகத்துணியை அவிழ்த்துத் தாடையைத் தூக்கிக் காட்டினாள். கறுப்பு நூல் தையல் ஒரு விரல் நீளத்துக்கு இருந்தது.

"கட்டி இல்லட்டி. புத்து. ஒன் வயசுல இதே அளத்துல வாங்குனது. வெட்டி எடுத்தாச்சு, நான் சாக மாட்டேன். ஒனக்கும் அறுவது வயசாகும்லா, அதுக்குத்தான் வந்து நிக்கேன்."

டெல்பினாவின் கையிலிருந்த உப்பு வாரும் பலகை கீழே விழுந்தது. அவள் அழுதாள். அழுதுகொண்டே நிழலுக்குள் வந்து அம்மாவின் முகத்தில் மறுபடியும் துணியைக் கட்டிவிட்டாள். பிறகு தன் இடுப்பில் செருகியிருந்த துண்டை உருவிக் கண்ணுக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள். கம்பத்திலிருந்த கேமரா அவளை யாரென்று தெரியவில்லை என்று அறிவித்தது.

"தெரியாட்டிப் போவட்டும்," என்றாள்.

இரண்டாவதாக ஒரு பையன் கட்டினான். பிறகு வரிசையாக எல்லோரும் கட்டினார்கள். கேமரா முப்பது பேரையும் தெரியாது என்று சொல்லி ஓய்ந்தது. ஆட்கள் யாரும் பதிவாகாததால் எந்திரம் தானாகவே நின்றுபோனது. மேலிடத்தில் பேசிவிட்டு ஒரு வாரத்தில் சொல்கிறேன் என்று இறங்கி வந்தார் கனகசபாபதி. தாராளமாகப் பேசிவிட்டு வரட்டும், அதுவரைக்கும் தானும் தவறாமல் வருவதாகச் சொல்லிவிட்டுக் கரையேறினாள் பெர்பெத்தம்மாள்.

அன்று மாலை பழைய கூட்டாளிகள் பத்துப் பேரும் அவள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருத்தி மூட்டுவலிக்காரி, ஒருத்திக்கு ஒரு கண் தெரியாது. ஒரு பறவைக்கு ஐந்து பேர்தான் அடங்கினார்கள் என்று பெர்பெத்தம்மாள் சொன்னாள். நாம் பதினொரு பேர் இருக்கிறோமே என்றாள் மூட்டுவலிக்காரி. அதற்குமேல் யாரும் எதையும் விளக்கவேண்டியிருக்கவில்லை. தாடைக்கு எப்படித் துணி கட்டுவது என்பதை மட்டும் ஒருத்திக்கொருத்தி கட்டிப் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அந்தத் தெருவில் பதினொரு கதவுகள் வழக்கம்போலத் தாமாகப் பூட்டிக்கொண்டன. உள்ளே ஒருத்தியும் இல்லை.