துணைக்கு வந்தவள்

மகளுக்கு அம்மை போட்டிருந்தது. அதனால்தான் இர்பானா அந்த வீட்டுக்குக் குடிவந்தாள்.

அவளுக்கு லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தின்கிற நோய். மூட்டுகளில் தொடங்கி சிறுநீரகம் வரை வந்துவிட்டது. அந்தச் சக்தியை அடக்கி வைக்கத் தினமும் மாத்திரை, மாதம் ஒருமுறை டிரிப்ஸ். "இனிமே சின்னச் சளி காய்ச்சல்கூட உங்களுக்குப் பெரிசும்மா. நோவுள்ளவங்க பக்கமே போவாதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கணவன் அமீர் ஜான் ராஜகிரி மலையடிவாரத்தில் பூட்டிக் கிடந்த ஓட்டு வீடு ஒன்றை ஒரு மாதத்துக்குப் பேசி முடித்தான். தரையெல்லாம் டெட்டால் ஊற்றிக் கழுவினான்.

"சோறு கொண்டாந்து வாசல்ல வெக்கிறேன். யாரையும் உள்ள வுடாத."

"புள்ள என்னைத் தேடுமேங்க."

"போன்ல பேசு. ஒரு மாசம்தான்."

முதல் நாள் மதியத்துக்குள் டெட்டால் வாடை அடங்கிவிட்டது. அதற்கடியில் வேறொரு வாடை இருந்தது. வெயில் காணாத போர்வையும் கெட்டுப்போன கஷாயமும் கலந்த வாடை. நாலு மணிக்கெல்லாம் மலையின் நிழல் ஓட்டின் மேல் இறங்க, வீடு சட்டென்று குளிர்ந்தது.

மூன்றாம் நாள் பின்கட்டு அறையில் யாரோ இருமினார்கள்.

வறண்ட இருமல். பிறர் காதில் விழக்கூடாதென்று முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு இருமுவதுபோல.

இர்பானா போன் செய்ததும் அமீர் ஜான் ஓடிவந்தான். அறையில் ஒரு கயிற்றுக்கட்டிலைத் தவிர எதுவும் இல்லை. "மாத்திரை சூடு. அதான் டென்ஷன் ஆவுற" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் இருமல் கூடத்தில் கேட்டது.

அதற்கு மறுநாள், அடுப்படியில்.

பிறகு, தலைமாட்டில்.

அன்று மூட்டுவலி தாங்காமல் அவள் கண்மூடிக் கிடந்தாள். தண்ணீர்ச் சொம்பை எட்டி எடுக்கக் கை வரவில்லை. உதட்டில் டம்ளரின் விளிம்பு பட்டது. தாகத்தில் குடித்துவிட்டாள். குடித்த பிறகுதான், டம்ளரை நீட்ட வீட்டில் யாரும் இல்லை என்பது உறைத்தது.

"தனியா கெடக்கிறியேடி கண்ணு" என்றது ஒரு குரல், காதோரம். "நான் இருக்கேன்."

அந்த மூச்சு அவள் முகத்தில் வெதுவெதுப்பாகப் பட்டது.

எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பக்கத்து வீட்டில் இருந்த வீட்டுக்காரி ராஜம்மாள் அவள் முகத்தைப் பார்த்ததுமே தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்க நாத்தனாரு ஆண்டாளும்மா. நான் வாக்கப்பட்டு வந்த வருசம். இருமல் நோவு. புள்ளைங்களுக்கு ஒட்டிக்கும்னு பின்கட்டுல வுட்டுப் பூட்டிட்டாங்க. யாராச்சும் பக்கத்துல வந்து குந்துங்களேன்னு கூப்ட்டுக்கினே இருந்தா. ஒருத்தரும் போவல." ராஜம்மாள் மூக்கைச் சிந்தினாள். "நானும் போவல."

அன்றைக்கே இர்பானா அந்த வீட்டை விட்டுக் கிளம்பினாள். ஆனால் மகளிடம் போக முடியவில்லை. காய்ச்சல் வந்துவிட்டது. அடுத்து, இருமல். வறண்ட இருமல்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உங்க கூட இருக்கறவங்க யாருக்காவது டிபி இருக்குதா?"

"எங்க வீட்ல யாருக்கும் இல்ல சார்" என்றான் அமீர் ஜான்.

டிபி மாத்திரை தொடங்கினார்கள்; கல்லீரல் தாங்கவில்லை. லூபஸ் மாத்திரையைக் குறைத்தார்கள், சிறுநீரகம் கைவிட்டது. ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவியது. கடைசியில் அவளைத் தனி அறைக்கு மாற்றினார்கள். போனில் மகள் "எப்பம்மா வருவே?" என்று கேட்டபோது பதில் சொல்ல அவளுக்கு மூச்சு போதவில்லை.

ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். கஞ்சி வாங்கப் போன அமீர் ஜான் திரும்பி வந்தான். கதவருகே நர்ஸ் அவனைத் தடுத்தது இர்பானாவுக்குக் கேட்டது.

"ஒரு பேஷண்டுக்கு ஒரு ஆளுதான் சார்."

"நான்தாம்மா அந்த ஆளு. வேற யாரு இருக்கா?"

"அதான் அந்தப் பெரியம்மா உள்ள குந்தினு இருக்காங்களே. காலையிலேர்ந்து நகரவே இல்ல. அவங்க வெளிய வரட்டும், அப்புறம் நீங்க போங்க."

இர்பானா கணவனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது.

கட்டிலின் ஓரம் மெல்ல அழுந்தியது. நழுவிக் கிடந்த போர்வையை ஒரு கை எடுத்து, அவள் கழுத்துவரை பதமாக இழுத்துவிட்டது.