கல் தாயின் மடியில் ஒரு ரொட்டி

"உங்க வீட்டுச் சுவத்துல ஒண்ணு தொங்குதே, நிகோரா. அதைக் கொண்டு வாயேன்."

கமோலா இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நிகோரா கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தாள்.

வரப்போகும் மே ஒன்பதாம் தேதி, போரில் இறந்தவர்களை நினைக்கும் நாள். அன்று பள்ளியில் புகைப்படக் கண்காட்சி. ஆறாம் வகுப்புக்குக் கமோலாதான் தலைவி. ஏனென்றால் கேமரா அவளுடைய மாமாவுடையது. ஊர்ப் பூங்காவில், போரிலிருந்து திரும்பாதவர்களின் பெயர்ச் சுவருக்கு முன்னால் ஒரு கல் தாய் உட்கார்ந்திருக்கிறாள். காலியான அவள் மடியில் கடித்த ரொட்டி ஒன்றை வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்பது கமோலாவின் திட்டம்.

அந்த ஊரில் தூரதேசம் போகிறவர்கள் தடித்த வட்ட ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவார்கள். மீதி சுவரில் தொங்கும். திரும்பி வந்து அவர்களே அதைத் தின்ன வேண்டும்.

"புது ரொட்டி வச்சுப் பார்த்தேன். யாரோ தின்னுட்டு மறந்துட்டுப் போன மாதிரி இருக்கு," என்றாள் கமோலா. "காஞ்சு போனதுதான் வேணும்."

"அது எங்க அண்ணனோடது."

"திருப்பித் தந்துடுவோம்டி. ஒரே ஒரு படம். உன்னால வகுப்பு மானமே போகப் போகுது."

வகுப்பே அவளைப் பார்த்தது. பந்து பட்டு முன்பல் இரண்டும் போயிருந்த போத்திர் மட்டும் கூரையைப் பார்த்தான். நிகோரா தலையாட்டிவிட்டாள். ஆட்டிய தலையை வெட்டிப் போடலாம் போலிருந்தது அவளுக்கு.

ஜாவ்லான் அண்ணன் மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போய் இரண்டு குளிர்காலம் ஓடிவிட்டது. முதலில் வாரம் தவறாமல் போன் வந்தது. போன குளிர்காலத்தில் நின்றுபோனது. இவர்கள் கூப்பிட்டால் பதிவு செய்த ஒரு பெண் குரல், போன் அணைக்கப்பட்டிருக்கிறது என்றது. அக்கம்பக்கத்தார் இப்போதெல்லாம் அண்ணனைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டார்கள். அதுதான் நிகோராவுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. அம்மாவும் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்புவதில்லை.

மறுநாள் அம்மா பால் கறக்கப் போன நேரத்தில் நிகோரா ரொட்டியைக் கழற்றித் துணியில் சுற்றினாள். சுவரில் வெளிறிய வட்டம் ஒன்று தெரிந்தது. பார்க்கப் பிடிக்காமல் ஓடினாள்.

பூங்காவில் எல்லாரும் தயாராக இருந்தார்கள். கமோலா கை நீட்டினாள்.

நிகோரா கல் தாயின் மடியைப் பார்த்தாள். பின்னால் இருந்த பெயர்களைப் பார்த்தாள். ரொட்டியைத் துணியோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டாள்.

"தர மாட்டேன்."

"என்னடி இது? நேத்து சரின்னியே?"

"இது செத்தவங்க ரொட்டி இல்ல," என்றாள் நிகோரா. அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள். மூக்கு ஒழுக ஒழுக அழுதாள்.

கமோலா கேமராவின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"நான் அப்படி நினைக்கலடி," என்றாள் கடைசியில். "சரி, விடு. நம்ம படமே வேணாம்."

கமோலா இவ்வளவு மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. நிகோரா துணியின் முனையால் மூக்கைத் துடைத்தாள்.

"அன்னிக்கு இதுவும் புதுசாத்தான் இருந்துச்சு. அடுப்புலேருந்து அப்பத்தான் எடுத்தது. அவசரத்துல கடிச்சு அண்ணன் நாக்கைச் சுட்டுக்கிச்சு. நாங்க எல்லாரும் சிரிச்சோம்." அவள் கல் தாயைப் பார்த்தாள். "இவங்க புள்ளைங்க கடிச்சப்பவும் சூடாத்தானே இருந்திருக்கும்? புது ரொட்டியே வைப்போம். தினமும் வந்து அதையே படம் எடுப்போம். அது தானாக் காயட்டும்."

கமோலா காலியான மடியைக் கேமரா வழியாக ஒருமுறை பார்த்தாள். பிறகு கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பினாள்.

சூடான ரொட்டி வந்தது. யார் கடிப்பது என்று கேட்டதும் எல்லாரும் பின்வாங்கினார்கள்.

"கடிச்சவன் திரும்பி வந்து திங்கணும், அவ்வளவுதானே? எங்க வீடு அடுத்த தெரு," என்று போத்திர் கடித்தான். நடுவில் கடிபடாமல் ஒரு துண்டு நீட்டிக்கொண்டு நின்றது.

"இது எலி கடிச்ச மாதிரி இருக்குடா," என்றாள் கமோலா.

"போருக்குப் போனவங்க எல்லாருக்கும் பல்லு ஒழுங்கா இருந்துச்சாக்கும்?"

நிகோராவும் சிரித்துவிட்டாள். அன்று மாலை அண்ணனின் ரொட்டி அம்மா பார்க்கும் முன் ஆணிக்குத் திரும்பியது.

முதல் படத்தில் ரொட்டியிலிருந்து ஆவி வந்தது. அடுத்த நாள் அது வாடியது, பிறகு காய்ந்து வெடித்தது. குருவிகள் ஓரத்தைக் கொத்தின. யாரும் வந்து எடுக்கவில்லை. கமோலா ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் நின்று படம் எடுத்தாள். படங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது அவளும் அழுதாள்.

கடைசிப் படம் முடிந்ததும் போத்திர் ரொட்டியை எடுத்துத் தின்னத் தொடங்கினான்.

"குருவி தின்ன மிச்சம்டா அது."

"யாராவது ஒருத்தன் வந்து தின்னணும்ல," என்றான். ஆனால் கடிக்க முடியவில்லை. யாரோ கோப்பையில் தேநீர் கொடுத்தார்கள். அதில் நனைத்து நனைத்துத் தின்று முடித்தான்.

அன்று இரவும் போனில் அதே பெண் குரல்தான் வந்தது. அம்மா போனைக் கவிழ்த்து வைத்தாள். நிகோரா சுவரில் தொங்கிய ரொட்டியின் தூசியைத் துடைத்தாள். அது ஓடுபோல் இறுகியிருந்தது.

"அம்மா, டீயில நனைச்சா காஞ்ச ரொட்டி நல்லா இருக்காம். போத்திர் சொன்னான்."

அம்மா பல மாதங்களுக்குப் பிறகு அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இதுக்கு ஒரு கோப்பை போதாதுடி," என்றாள். "உங்க அண்ணன் வந்தா ஒரு பானை நிறைய டீ போடணும்."