வீக்கம் வடிந்த பிறகு...

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்!

கறுப்பு டெலிபோன் அலறியது.

ஞானம்மா ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே ஓடி வந்து ரிசீவரை எடுத்தாள்.

"கிறிஸ்துதாஸ் வூடா?"

"ஆமாங்க. நான் அவரு சம்சாரம்."

"போலீஸ் ஸ்டேஷன். நேத்து செம்பரம்பாக்கம் ஏரியில ஒரு பொண்ணு பொணம் ஒதுங்கிச்சே... யாருன்னு தெரிஞ்சிபோச்சு. உங்க கம்பெனி டைப்பிஸ்ட் கிரேசி!"

"ஐயோ... மாதாவே!"

"இன்ஸ்பெக்டர் வந்துகினு கீறாரு. உங்க வூட்டுக்காரரை எங்கயும் போவ வேணாம்னு சொல்லுங்க!"

லைன் செத்தது.

கிரேசி... போன ஞாயிற்றுக்கிழமைகூடக் கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்து பாடியவள். 'அக்கா, அக்கா' என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள்!



எண்பத்து மூன்றாம் வருடத்து ஒரகடத்தில், நெல் வயல்களுக்கு நடுவே புகை கக்கிக்கொண்டிருந்த ஒரே வார்ப்புப் பட்டறை கிறிஸ்துதாஸுடையது. பம்ப் செட்டுக்கு இரும்பு வார்த்தே பணக்காரன் ஆனவன். ஊரில் முதல் டெலிபோன் அவனுடையது. முதல் ஜீப்பும் அவனுடையதுதான்.

அந்த ஜீப்தான் இப்போது வம்பில் மாட்டியிருந்தது.

"மதகு பக்கம் உங்க ஜீப் நின்னுச்சாம், மிஸ்டர் கிறிஸ்துதாஸ். மாரின்னு ஒரு மீன்காரன் பார்த்திருக்கான்."

இன்ஸ்பெக்டர் சுப்பராயன் சோபாவில் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்.

"ஜீப்புன்னா எல்லாம் ஒரே மாதிரிதான் சார் கீது. மாரி குடிகாரன்."

"கிரேசியோட உங்களுக்குப் பழக்கம் உண்டா?"

"ஆபீஸ்ல டைப் அடிக்கிற பொண்ணு. குட் மார்னிங் சொல்லும், நானும் சொல்லுவேன். அவ்ளோதான்!"

"அப்படியா? அந்தப் பொண்ணை அதோட தாவணியாலயே கழுத்தை இறுக்கியிருக்காங்க. போஸ்ட்மார்ட்டத்துல இன்னொண்ணும் தெரிஞ்சிருக்கு."

"இன்னா சார்?"

"கர்ப்பம்!"

காப்பி டம்ளர்களோடு வந்த ஞானம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"வயித்துல புள்ளையைக் குடுத்தவன், கட்டிக்கச் சொன்னதும் கொன்னுட்டான். இது என் கணக்கு. உங்க கணக்கு எப்படி?"

கிறிஸ்துதாஸ் அசரவில்லை. எழுந்து நிதானமாகக் கதவைச் சாத்தினான். குரலைத் தாழ்த்தினான்.

"சார்... இதுவரைக்கும் யாருக்கும் சொல்லாத சேதி. மூணு வருஷத்துக்கு முன்னால எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துச்சு. மொதல்ல தாடை வீங்கிச்சு. அப்புறம்... கீழயும் வீங்கிச்சு. டாக்டர் ஆபிரகாம் டெஸ்ட் பண்ணிட்டு உயிரணு ஒண்ணுகூட இல்லன்னுட்டாரு. என்னால ஒரு புள்ளைக்கு அப்பனாவ முடியாது சார்! அந்தப் பொண்ணை நான் எதுக்குக் கொல்லணும்?"

சுப்பராயனின் முகம் விழுந்தது.

காரணமே இல்லாத கொலையை எந்தக் கோர்ட்டில் நிரூபிப்பது?

சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம்... ஞானம்மாவுக்கு ரத்தம் கொதித்தது.

தெரியுமா? மூன்று வருஷமாக இவருக்குத் தெரியுமா!

மலடி என்று மாமியார் கரித்துக்கொட்டியபோது சும்மா சோறு தின்றுகொண்டிருந்தாரே! ஞானஸ்நான வீடுகளில் குழந்தையை அவள் கையில் கொடுக்க யோசித்தார்களே! வேளாங்கண்ணி மணலில் முட்டி தேயத் தேய அவள் போனபோது, பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு வந்தவர் இவர்தானே!

கை தானாக வயிற்றுக்குப் போனது.

ஒரு வாரம்தான் ஆகிறது, நர்ஸம்மா உறுதியாகச் சொல்லி. நல்ல நாள் பார்த்துப் புருஷனிடம் சொல்ல வேண்டும் என்று ஆசையாசையாக மூடி வைத்திருந்த சேதி!

இப்போது சொன்னால்... ஊர் காறித் துப்பும்.

சொல்லாவிட்டால்... கிரேசியைக் கொன்றது இவராகவே இருந்தால், இந்தப் பொய்க்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வார்.

ஞானம்மா கதவை ஓங்கித் தள்ளினாள்.

"இன்ஸ்பெக்டரய்யா! இவரு சொல்றது பொய்!"

"ஏய், உள்ள போ!" கிறிஸ்துதாஸ் சீறினான்.

"போவ மாட்டேன். நான் முழுகாம கீறேன் அய்யா. இவரு புள்ளைதான்!"



கிறிஸ்துதாஸின் முகம் கறுத்தது. பாய்ந்து வந்தான்.

"எவன்டி அவன்? சொல்லுடி!"

ஓங்கிய கையைச் சுப்பராயன் பிடிப்பதற்கு முன்னாலேயே ஞானம்மா பிடித்திருந்தாள்.

"கையைக் கீழ போடு!"

கல்யாணமான நாளிலிருந்து 'நீங்க' என்றே கூப்பிட்டவள் வாயிலிருந்து முதல் 'நீ' வந்து விழுந்தது.

"மலடின்னு பேரு வாங்கிக் குடுத்தே. தாங்கிக்கினேன். இப்போ வேற பேரு குடுக்கப் பாக்கறியா? அதை வாங்கிக்க மாட்டேன்! டாக்டரைக் கூப்பிடு. இன்னொரு தபா டெஸ்ட் பண்ணு!"

"பண்ணலாம்டி! நூறு தபா பண்ணலாம்! சார், இப்பவே கூட்டிகினு போங்க. இவ லட்சணம் ஊருக்கே தெரியட்டும்!"

சுப்பராயன் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"நீங்க ரெண்டு பேரும் கேக்கறப்போ நான் யாரு தடுக்க?"

செய்தி ஜீப்பைவிட வேகமாக ஓடியது.

மறுநாள் ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் ஞானம்மா பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ரேஷன் கடை வரிசை மொத்தமும் திரும்பியது.

"இவதானே அது?"

"புருஷனுக்குப் புள்ளை பொறக்காதாம்... இவளுக்கு மட்டும் எப்படி?"

ஞானம்மா நின்றாள். தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொள்ளவில்லை. நேராகப் பார்த்தாள்.

"நல்லா பாத்துக்கோங்க. திரும்பி வரும்போதும் இதே வழியாத்தான் வருவேன்!"

வரிசை சட்டென்று மண்ணெண்ணெய் டின்களைப் பார்த்துக் குனிந்தது.

கிளினிக்கில் டாக்டர் ஆபிரகாம் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை.

கிறிஸ்துதாஸ் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜெயித்துவிட்ட முகம்.

"சொல்லுங்க டாக்டர். சத்தமா சொல்லுங்க!"

ஆபிரகாம் நிமிர்ந்தார்.

"இன்ஸ்பெக்டர், நீங்களே வந்து பாருங்க."

சுப்பராயன் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார்.

"இன்னா டாக்டர் இது... மழை பேஞ்ச குட்டையில தலைப்பிரட்டை ஓடற மாதிரி ஓடுது?"

"அதான் உயிரணு. புள்ளை பொறக்க இது போதும்!"

ஆடிய கால் நின்றது.

"இ... இல்ல டாக்டர். அன்னைக்கு ஒண்ணுமே இல்லன்னீங்களே!"

"அன்னைக்கு இல்ல. உனக்கு ஜுரம் விட்டே கொஞ்ச நாள்தான் ஆகியிருந்துச்சு. அந்தக் காய்ச்சல் விதையைத் தாக்கினா உற்பத்தி படுத்துடும். நெறைய பேருக்குச் சில மாசத்துல திரும்ப வந்துடும். உனக்கு வீங்கினதும் ஒரு பக்கம்தான். ஆறு மாசம் கழிச்சு மறுபடி வா, அதுக்குள்ள எதையும் முடிவு கட்டாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். வந்தியா?"

கிறிஸ்துதாஸின் கண்கள் எங்கேயோ நிலைகுத்தி நின்றன.

"அப்போ... கிரேசி சொன்னது நெசமா?"

அவன் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அது... என் புள்ளையா?"

சுப்பராயன் மெதுவாக அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலில் தேன் வடிந்தது.

"கிரேசி இன்னா சொன்னா? குட் மார்னிங் மட்டும்தானே சொல்லுவா?"

கிறிஸ்துதாஸ் முகத்தைப் பொத்திக்கொண்டு உடைந்தான்.

"மதகு மேல நின்னுகினு என் கையைப் புடிச்சு அவ வயித்துல வச்சா சார்... 'உங்க புள்ளை'ன்னா. சிரிச்சா சார்! எனக்குத்தான் பொறக்காதே... எவன் புள்ளையையோ என் தலையில கட்டப் பாக்கறாளேன்னு நெனச்சேன். என்னை ஏமாத்திட்டு சிரிக்கிறாளேன்னு... தாவணியைப் புடிச்சு... ஐயோ! என் புள்ளையை நானே..."



ஞானம்மாவுக்குக் கண்ணீர் வந்தது. அவனுக்காக இல்லை. ஏரிக்கரையில் நம்பிக்கையோடு சிரித்த அந்தப் பைத்தியக்காரப் பெண்ணுக்காக!

"கொன்னது புள்ளை பொறக்காதுன்னு. தப்பிக்கப் பாத்ததும் புள்ளை பொறக்காதுன்னு," சுப்பராயன் விலங்கை எடுத்தார். "மாட்டினது மட்டும் புள்ளை பொறக்கும்னு! வாய்யா, போலாம்."

வாசலில் ஜீப் உறுமியது.

ஏறப் போனவன் திரும்பினான். நேற்று ஓங்கிய கை இன்று விலங்கோடு கும்பிட்டது.

"ஞானம்மா... நம்ம புள்ளைடி அது! என் பேரையாச்சும் அதுக்கு வையி..."

"நேத்து எவன்டின்னு கேட்டியே? அப்போ எங்க போச்சு இந்த 'நம்ம'?"

"ஏம்மா," சுப்பராயன் ஜீப்புக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "நாளைக்குப் பள்ளிக்கூடத்துல சேக்கறப்போ இனிஷியல் கேப்பாங்களே?"

ஞானம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"'ஞா'ன்னு போட்டுக்கறேன் அய்யா! எழுதறதுக்குக் கொஞ்சம் கஷ்டமான எழுத்துதான்... ஆனா கொலைகாரன் தலையெழுத்தைவிடத் தேவலை!"