மூச்சுப்படி

அடிவாரத்தில் காற்றடைத்த முகக்கூட்டை மாட்டிப் பூட்டிய காவலர், எல்லோரிடமும் சொல்வதையே இந்தத் தம்பதியிடமும் சொன்னார்.

"ஆளுக்கு ஒரு மூச்சுப்படி. வாய் தொறக்காமப் போனா மேல போயிட்டு எறங்கிடலாம். பேசினா வெரசாத் தீரும். ஒருத்தர் படிய இன்னொருத்தருக்கு மாத்த முடியாதுங்க."

நச்சுக்காற்று சமவெளியை மூடி, மக்கள் காற்றரணுக்குள் ஒடுங்கிய பிறகு, பழனி மலையில் மனிதக் குரல் கேட்பதில்லை. "அரோகரா"வைக்கூடக் கம்பத்து ஒலிபெருக்கிதான் சொல்லும். பக்தர்கள் தலைக்கு மேல் கைகூப்புவார்கள், அவ்வளவுதான்.

குழந்தைவேலு முதல் படியிலேயே வாயைத் திறந்தார்.

"பாவாத்தா, முருகனுக்கு நல்ல காலம் புள்ள. ஒருத்தரும் வாய்விட்டு ஒண்ணும் கேக்கறதில்ல."

பாவாத்தாள் திரும்பவில்லை. மகள் மயிலாள் இறந்ததிலிருந்து கணவனோடு அவள் ஒரு சொல் பேசியதில்லை. பெற்றவள் வேண்டாமென்று அழ அழ, காற்றரணுக்கு வெளியே குழாய் பழுதுபார்க்கும் வேலைக்கு மகளை அனுப்பியவர் அவர்தான்.

இடும்பன் சன்னதி தாண்டும்போது மூச்சுப்படி எவ்வளவு மிச்சம் என்று காட்டும், அவர் மார்பிலிருந்த பச்சை விளக்கு மஞ்சளானது. அவள் உதட்டுக்கு நேரே விரலைக் காட்டினாள்.

"சைகையெல்லாம் நமக்குப் புரியாதுங்க அம்மணி. வாயால சொல்லு, நிறுத்திக்கறேன். திட்டினாலுஞ் சரி."

அவள் படியேறினாள். தானே நிறுத்துவார், உயிர்மேல் ஆசை இல்லாமலா போகும்?

"மயிலா சின்னதுல இங்கதான் உக்காந்துட்டா. தூக்கினாத்தான் வருவேன்னு ஒரே அழுக. தூக்கிட்டு ஓடினேன். அப்பல்லாம் மூச்சு இனாம்."

மஞ்சள் சிவப்பானது. அவளுக்குச் சொல் தொண்டைவரை வந்தது. அதை வெளியே விட்டால் மகளை விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று விழுங்கினாள்.

"நாந்தான் அனுப்பினேன். நானே போயிருக்கோணும். அத ஒருக்கா உங்கிட்ட..."

குரல் அறுந்தது. அவர் படியில் உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்தார்.

"பேசாதீங்க!" அவள் கத்தினாள். "ஏனுங்க, பேசாதீங்க! இதா, பேசிட்டேன். கேக்குதுங்களா?"

தன் முகக்கூட்டைப் பிய்த்து அவருக்கு மாட்டப் பார்த்தாள். பூட்டு விடவில்லை. அவருடைய சிவப்பு விளக்கு அணைந்தது. கம்பம் "அரோகரா" என்றது. ஏறிக்கொண்டிருந்தவர்கள் கைகூப்பியபடி விலகிப் போனார்கள்.

அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பேசினாள். உப்புப் போதுமா என்று கேட்காமலே குழம்பு ஊற்றிய நாட்களைப் பற்றி. அவர் இருமும்போது தூங்குவதுபோலக் கிடந்ததைப் பற்றி. மயிலாளின் சீப்பை இன்னும் கழுவாமல் வைத்திருப்பதைப் பற்றி.

மேலிருந்து ஒரு காவலர் ஓடிவந்தபோது அவளுடைய விளக்கும் சிவந்திருந்தது.

"அம்மா, பேசாதீங்க. படி தீருது."

"இருங்க தம்பி," என்றாள். "எங்களுக்குள்ள இப்பத்தான் பேச்சுவார்த்தை."