பதில் பாடுகிறவன்

பல் துலக்கிவிட்டுக் கதவிடம் என் பெயரைச் சொன்னேன். "ராயப்பன்." குரலைச் சரிபார்த்துக்கொண்டு திறந்தது. சளி பிடித்த நாட்களில் இலேசில் திறக்காது. கெஞ்சுவதற்குப் பெண்டாட்டி இல்லாத குறையைக் கதவு தீர்த்துவைக்கும்.

கள்ளக்குரல் காலத்துக்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. செத்துப்போன அப்பாவின் குரலில் இயந்திரம் போன் போட்டு, பிள்ளைகளிடம் வீட்டை எழுதி வாங்கிய காலம் அது. அப்புறம்தான் குரலொப்பச் சட்டம் வந்தது. பாடுகிறவர்கள் பாட்டுக்கென்று ஒரே ஒரு பெயரைப் பதிந்துகொள்ளலாம். வேறு பெயரில் வரும் பாட்டில் அந்தக் குரல் எந்த ஸ்பீக்கரிலும் கேட்காது. நல்ல சட்டம்தான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

நானும் என்னோடு சேர்ந்து பாடும் பவுனுத்தாயும் 'மைல்கல்' என்று ஒரே பெயரில் பதிந்திருந்தோம். மேலூர் தாண்டி, லாரிகளுக்கு மின்னூட்டும் நிலையத்தில் எங்கள் மேடை. வண்டிக்குச் சார்ஜ் ஏறும்வரை டிரைவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே! நான் சர்ச்சில் பழகிய கிடாரில் கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புற மெட்டு வாசிப்பேன். அவள் அதன்மேல் தெம்மாங்கை ஏற்றுவாள். அவள் கேள்வி, நான் பதில்.

'எந்த ஊரு போகும் வண்டி?' என்பாள்.

'நீ எறங்கும் ஊரு வரைக்கும்' என்பேன். விசில் பறக்கும்.

ஒருநாள் பவுனு சொன்னாள்: "எல்லாரும் என்னைய மைல்கல் அக்காங்குறாங்க. கல்லுன்னே ஆக்கிட்டாங்க. எம்பேர்ல ஒரு ஆல்பம் வரக் கூடாதாய்யா?"

"வரட்டுமே. யாரு வேணாங்குறா?"

குரலுக்குப் பெயர் பதியும் பதிவகத்திலிருந்து பேசிய பெண் ஒளித்து மறைக்கவில்லை. பவுனுவின் குரல் அவள் பெயருக்கு மாறும். மாறிய நொடியிலிருந்து மைல்கல் பாட்டுகளில் அது கேட்காது. இருவரும் வாய்விட்டுச் சம்மதம் சொல்ல வேண்டும்.

"பழைய பாட்ட எவன் கேக்குறான்? சம்மதம்" என்றேன். பவுனு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கொஞ்சம் பிந்தித்தான் சொன்னாள்.

ஆல்பம் வந்தது. உறுமியும் ஸ்டீல் கிடாரும் மாமன் மச்சான் மாதிரி ஒட்டிக்கொண்டன. நடுவில் அவள் குரல், தனியாக, யாருக்கும் காத்திராமல். பொறாமைப்படக்கூட இடமில்லாமல் நன்றாக இருந்தது. நிலையத்தில் நாள் முழுக்க அதுதான் ஓடியது.

சாயங்காலம் நாமக்கல் டிரைவர் ஒருவர், "அண்ணே, அந்தப் பழைய வண்டிப் பாட்டப் போடுங்க" என்றார். போட்டார்கள். என் கிடார் வந்தது. அவள் கேட்க வேண்டிய இடத்தில் வெறும் கிடார். பிறகு என் குரல்: 'நீ எறங்கும் ஊரு வரைக்கும்.'

"யாருகிட்டண்ணே பேசுறீங்க?" என்று கேட்டார் டிரைவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பவுனு கூப்பிட்டாள். கோயமுத்தூரில் அவளுடைய முதல் தனிக் கச்சேரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"ஆல்பம் கேட்டியா?"

"கேட்டேன். அசத்திட்ட பவுனு."

"நான் நம்ம பழசப் போட்டுக் கேட்டேன்யா. நீ பாட்டுக்கு ஒத்தையில பதில் சொல்லிக்கிட்டு இருக்க."

"கேள்விதான் எனக்கு மனப்பாடமாச்சே."

அவள் சிரிக்கவில்லை. "அன்னைக்கு நீ வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுவன்னு பாத்தேன்."

"சொல்லியிருந்தா?"

அதற்கு அவள் மெதுவாகப் பாடினாள்: 'எந்த ஊரு போகும் வண்டி?'

போனில் பாடுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஊரெல்லாம் ஸ்பீக்கரில், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்டவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை.

"தொண்டை சரியில்ல பவுனு. பாத்துப் போயிட்டு வா" என்றேன்.

மறுநாள் காலை, சளி ஏதும் இல்லாமலே, கதவு என் குரலை அடையாளம் கண்டுகொள்ள வெகுநேரமாயிற்று.